இரண்டாம் வரிசையில் மூன்றாம் இடம்

பாடகர் குழு என்பது பாடுகிறவர்களின் குழு என்று ஓர் எண்ணம் படித்தவர்களிடையேகூடப் பரவியிருக்கிறது. இது பிழை. சாதாரணப் பிழை அல்ல, பல சபைகள் இதனால் சீரழிந்திருக்கின்றன. பாடகர் குழு என்பது எப்போது பாடக் கூடாது என்று தெரிந்தவர்களின் குழு. உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், ஆடும். இதில் உட்காருங்கள்.

உங்கள் படிவத்தை ஐயர் என்னிடம் கொடுத்தார். ஐயர் என்றதும் திகைக்க வேண்டாம். சென்னையில் நீங்கள் பாஸ்டர் என்பீர்கள், திருநெல்வேலிப் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். 'சபையோடு நீங்கள் பகிர்ந்துகொள்ள விரும்பும் தாலந்து' என்ற கேள்விக்கு எதிரே 'பாடுதல்' என்று டிக் செய்திருக்கிறீர்கள். தாலந்து என்பது வேதத்தில் ஓர் எடையின் பெயர், முப்பது கிலோவுக்குக் குறையாது என்பதை ஐயரிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன். படிவத்தை மாற்ற மாட்டேன் என்கிறார். போகட்டும்.

ஒத்திகை ஐந்தரைக்கு. இங்கே ஐந்தரை என்றால் ஆறே கால். நேரம் இருக்கிறது. உங்கள் குரலைச் சோதிப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் டெனர்காரர்கள், அதாவது ஆண்களில் மேற்குரல் பாடுகிறவர்கள், சொல்வார்கள், தப்பாகச் சொல்வார்கள். ஞானதிரவியம் சாருக்குக் காது போய்விட்டது என்று சொல்வார்கள். காது போகவில்லை. செப்டம்பரில் காதுப் பரிசோதனை செய்து வரைபடம் வாங்கி வைத்திருக்கிறேன். வேண்டுமானால் காட்டுகிறேன்.

முப்பத்தைந்து ஆண்டு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுத்தேன். அப்போதிலிருந்து இந்தக் குழுவையும் நடத்திவருகிறேன். இதோ, தட்டினால் ஒரே ஸ்வரம் தரும் இந்த இசைக்கவை பள்ளிக்கூட ஆய்வகத்தில் கழித்துப்போட்டது. நான் எந்தப் பாட்டையும் இதைத் தட்டாமல் ஆரம்பித்ததில்லை. மனிதர்கள் மாறுவார்கள், இது மாறாது.

எங்கள் குழுவில் இருபத்தெட்டுப் பேர். பாடுகிறவர்கள் இருபத்தொரு பேர். மிச்சம் ஏழு பேர் மீன்கள்.

ஆமாம், மீன்கள். சுருதி சேராதவர்கள். அவர்களை நான் வெளியே அனுப்புவதில்லை. வெளியே அனுப்பினால் அவர்கள் வீட்டார் காணிக்கைப் பையைப் பார்த்து முகத்தைத் திருப்புவார்கள் என்பது ஒரு காரணம். வெள்ளை அங்கியில் நான்கு வரிசை நின்றால்தான் கிறிஸ்மஸ் ஆராதனை நிறைவாக இருக்கும் என்பது இன்னொரு காரணம். ஆகையால் அவர்கள் நிற்பார்கள், வாயை மட்டும் அசைப்பார்கள். தொட்டி மீன்போல. நான் இரண்டு விரலை உதட்டில் வைத்து எடுத்தால், 'நீ மீன்' என்று பொருள். இதில் அவமானம் ஒன்றுமில்லை. மீனாக இருந்து ஓய்வு பெற்ற தாசில்தார்கூட எங்களிடம் உண்டு.

என் மனைவி கனகபாய் மீன்தான்.

நீங்கள் முகத்தை அப்படி வைத்துக்கொள்ளத் தேவையில்லை. கேளுங்கள். தொண்ணூற்றாறாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின ஒத்திகை. ஆல்டோவில் யாரோ இறங்குகிறார்கள். ஆல்டோ என்றால் பெண்களின் கீழ்க்குரல், ராகத்தைப் பாடும் சொப்ரானோவின் நிழலில் போவது, தனியாகக் கேட்டால் என்ன பாட்டு என்றே தெரியாது. அந்த ஆல்டோவில், இரண்டாவது வரியில், 'ஃபா' என்ற ஸ்வரம் வரும் இடத்தில் ஒருவர் அரைக்கால் அளவு கீழே இறங்குகிறார். அரைக்கால், அதாவது ஒரு ஸ்வரத்தில் எட்டில் ஒரு பங்கு, உங்களுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை. இசைக்கவைக்கு அது பெரிய விஷயம். ஒவ்வொருவராகத் தனியே பாடச் சொன்னேன். வயலட் டீச்சர் சரி. ஐயரம்மா சரி. கனகம் பாடினாள். அவள்தான்.

வீட்டுக்காரி என்பதற்காக விட்டுவிட முடியுமா? அதற்கு முந்தின வாரம்தான் தாசில்தாரை மீனாக்கியிருந்தேன். எல்லோர் கண்ணும் என்மேல் இருக்கிறது. இரண்டு விரலை உதட்டில் வைத்து எடுத்தேன். "கனகம், இனிமேல் நீ மீன்" என்றேன். குழு சிரித்தது. அவளும் சிரித்தாள். இதை நீங்கள் மறக்காமல் குறித்துக்கொள்ள வேண்டும், அவளும் சிரித்தாள்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "ஏங்க, அப்ப நான் அங்கிய யாருக்காவது குடுத்துரட்டுமா?"

"எதுக்கு? இரண்டாம் வரிசையில மூணாவது இடம் உனக்குத்தான். நின்னா போதும்" என்றேன்.

"சரிங்க" என்றாள்.

இருபத்தேழு வருஷம் நின்றாள் சார். அப்படி ஒரு மீன் எனக்கு மறுபடி கிடைக்கவில்லை. மற்ற மீன்கள் சோம்பேறிகள், கடைசி சரணத்தில் வாயை மூடிவிடுவார்கள். கனகம் மூச்சு எடுக்கவேண்டிய இடத்தில் மூச்சு எடுப்பாள், நீட்டவேண்டிய இடத்தில் நீட்டுவாள், உச்சத்தில் புருவம் உயரும். புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வேன், "கனகத்தைப் பார்த்து வாயைத் திறங்க" என்று. அத்தனை பேருக்கும் அங்கி தைத்ததும் அவள்தான். சபை ஆண்டறிக்கையில் ஒவ்வொரு வருஷமும் அவள் பெயர் வரும். தாலந்து: தையல்.

வீட்டில் பாடுவாளா என்று கேட்கிறீர்கள். மாட்டாள். ஆரம்பத்தில் சமையலறையில் எதையாவது முனகுவாள், நான் ஹாலிலிருந்து திருத்துவேன். பிறகு முனகுவதும் நின்றுவிட்டது. வீடு அமைதியாக இருந்தது. ஒரே ஒரு தொந்தரவு, கிரைண்டர். மாவு அரைக்கும்போது அதிலிருந்து ஓர் இரைச்சல் வரும், சீரில்லாமல் மேலும் கீழும் போகும். மோட்டாரில் கோளாறு என்று இரண்டு தடவை எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். அவன் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது புது மோட்டார் கணக்கா ஓடுது. உங்களுக்குத்தான் எதோ கேக்குது" என்றான். கனகம் பக்கத்தில்தான் நின்றாள். அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

போன ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் நாள், காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அடக்க ஆராதனையில் குழுவை நானே நடத்தினேன். வேண்டாம் என்றார்கள், நான் கேட்கவில்லை. வேறு யார் கையசைத்தாலும் பேஸ், ஆண்களின் கீழ்க்குரல், பிந்தும். அன்றைக்கு நாங்கள் பாடியதுபோல இதுவரை பாடியதில்லை. சுருதி அவ்வளவு சுத்தம். வெளியூர்க்காரர்கள்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்.

எங்களுக்கு ஒரே மகள், பெனிட்டா. மஸ்கட்டில் இருக்கிறாள். ஜூலையில் போன் செய்தாள். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

"அப்பா, அம்மா பாடினது எதுலயாவது இருக்கா? பிள்ளைக்குப் போட்டுக் காட்டணும்."

"அம்மா எங்கே பாடினாள்?" என்றேன்.

"எனக்குப் பாடுவாங்கப்பா. தூங்கப் போடுறப்ப."

"எப்போது? நான் கேட்டதில்லையே."

"நீங்க ஸ்கூலுக்குப் போனப்புறம்."

என்ன பாட்டு என்று கேட்டேன். வார்த்தை ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டு ராகத்தை முனகினாள். தலையும் இல்லை, வாலும் இல்லை. ஏறவேண்டிய இடத்தில் ஏறவில்லை, ஒரே ஸ்வரத்தில் நின்று நின்று நகர்கிறது. "இப்படி ஒரு பாட்டே கிடையாது. உனக்கும் சுருதி கிடையாது" என்றேன். "சரிப்பா. தேடிப் பாருங்க" என்றாள். அவள் அம்மா 'சரிங்க' என்று சொல்வதுபோலவே சொன்னாள்.

தேடினேன். என்னிடம் எல்லாம் இருக்கிறது. கேசட் ஒன்பது, சிடி பதினான்கு, பிறகு பென் டிரைவ். ஆண்டு வாரியாக அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன். முப்பத்தொரு மணி நேரம் கேட்டேன். அவள் மீனாவதற்கு முந்தின வருஷங்கள் ஒரே கேசட்டில் இருந்தன. அதன்மேல் நானே வெளிநாட்டுக் குழு ஒன்றின் கச்சேரியைப் பதிவு செய்திருக்கிறேன். நல்ல குழு. அட்டையில் என் கையெழுத்தில் 'இதை அழிக்கக் கூடாது' என்று எழுதியிருக்கிறது.

வீடியோக்களைப் போட்டுப் பார்த்தேன். கனகம் பாடுகிறாள், புருவம் உயர்கிறது, மூச்சு எடுக்கிறாள். ஒலியைக் கூட்டினால் மற்றவர்கள் பாடுகிறார்கள்.

இரண்டாயிரத்துப் பதினொன்றாம் வருஷக் கிறிஸ்மஸ் பதிவில் ஓரிடத்தில் ஆல்டோ இறங்கியது. சார், நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்த வருஷம் என் கண்ணில் படாமல் அவள் ஒரு வரி பாடியிருக்கிறாள் என்று நினைத்தேன். ஹெட்போனோடு வயலட் டீச்சர் வீட்டுக்கே போனேன். அவர்கள் ஆல்டோவின் தலைவி, கனகத்துக்குப் பக்கத்தில் நின்றவர்கள். கேட்டுவிட்டுச் சொன்னார்கள், "அது நான்தான் சார். அன்னைக்கு எனக்கு நூத்திரண்டு காய்ச்சல். நீங்க கண்டுபிடிக்கலன்னு சந்தோஷப்பட்டேன். இத்தனை வருஷம் கழிச்சு வீடு தேடி வந்து பிடிக்கிறீங்களே!"

"கனகம் ஒரு தடவைகூடப் பாடலையா? மெதுவாகக்கூட?"

"பக்கத்துல நிக்கிற எனக்கே ஒரு சத்தம் கேட்டதில்ல. நீங்க சொன்னா சொன்னதுதான் அவங்களுக்கு" என்றார்கள். பிறகு, "டீ குடிங்க சார்" என்றார்கள். குடித்தேன்.

ஆகஸ்டில் உபதேசியார் மாசிலாமணி வீட்டுக்கு வந்தார். சபை அலுவலகத்தில் எழுத்து வேலைகளைப் பார்ப்பவர் அவர்தான். இறந்துபோனவர்களின் படிவங்களைத் தனிக்கட்டாக வைப்பார்களாம், கனகத்தின் படிவத்தில் ஒரு சந்தேகம் என்றார். மூன்று வருஷத்துக்கு முன் அவள் நிரப்பியது. 'தையல்' என்று ஒரு டிக். அதற்குக் கீழே 'முதியோர் இல்லச் சந்திப்பு, புதன்' என்று எழுதி, பக்கத்தில் 'பாட்டு' என்று எழுதியிருந்தாள்.

"பாட்டுன்னு இருக்கே சார். அம்மா வாயசைக்கிறவங்கல்லா? தப்பா எழுதிட்டாங்களோன்னுதான் கேக்கேன்."

"தப்பாகத்தான் இருக்கும்" என்றேன்.

புதன்கிழமை மத்தியானம் அவள் ஒரு டப்பாவில் முறுக்கு எடுத்துக்கொண்டு இல்லத்துக்குப் போவாள். அது எனக்குத் தெரியும். முறுக்கு கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று மணி நேரம் கழித்து வருவாள். பஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைப்பேன். நானாக நினைத்துக்கொண்டதுதான், அவள் பஸ்ஸைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

அடுத்த புதன்கிழமை போனேன். முறுக்கு எனக்குச் செய்யத் தெரியாது, கடையில் வாங்கிக்கொண்டேன்.

பதினான்கு கிழவிகள். நடுக்கூடத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் யார் என்று சொன்னேன். "கனகம்மா வீட்டுக்காரரா?" என்று ஒருத்தி கேட்டாள். பேச்சியம்மாள் என்று பெயர். நெற்றி நிறையத் திருநீறு. சபைக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் அவள்தான் அங்கே தலைவி என்பது பார்த்தவுடனே தெரிந்தது. முறுக்கை ஒன்று கடித்துப் பார்த்துவிட்டு டப்பாவை மூடினாள்.

"புதங்கெழமைன்னா பாட்டு உண்டு. அவுக வராட்டியும் நாங்க பாடிருவோம். கேட்டுட்டுப் போங்க" என்றாள்.

பாடினார்கள்.

என்ன பாட்டு என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. தலையும் இல்லை, வாலும் இல்லை. ஒரே ஸ்வரத்தில் நின்று நின்று நகர்கிறது. பெனிட்டா போனில் முனகியது இதுதான். வார்த்தைகளைக் கேட்டேன். வார்த்தைகள் தெரிந்தவை, நாங்கள் அடிக்கடி பாடுகிற, பாமாலைப் புத்தகத்தில் உள்ள பாட்டு. எத்தனையாவது பாட்டு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் அதை இனிமேல் ஒழுங்காகக் கேட்க மாட்டீர்கள். இரண்டாம் வரி வந்தபோதுதான் புரிந்தது. அது ஆல்டோ. வெறும் ஆல்டோ. மேலே ராகம் கிடையாது. கனகத்துக்கு அந்தப் பாட்டில் தெரிந்த வழி அது ஒன்றுதான். அவள் நின்ற இடத்திலிருந்து கற்றது அதுதான். பதினான்கு பேரும் அதுதான் அந்தப் பாட்டின் ராகம் என்று நம்பிப் பாடுகிறார்கள்.

இரண்டாம் வரியில் 'ஃபா' வந்தது. பதினான்கு பேரும் இறங்கினார்கள். அரைக்கால்.

சார், உங்களுக்கு இது விளங்குமோ என்னவோ. சுருதி இல்லாதவர்கள் ஆளுக்கொரு விதமாகத் தவறுவார்கள். அது இயற்கை. பதினான்கு பேர் ஒரே இடத்தில், ஒரே அளவு, ஒன்றாகத் தவறினால் அது தவறு அல்ல, ஒருவர் சொல்லிக் கொடுத்தது. சட்டைப் பையில் இசைக்கவை இருந்தது. எடுத்துத் தட்டிக் காதில் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டாம் சரணத்தில் நான் மேலே ராகத்தைப் பாட ஆரம்பித்தேன். ஆல்டோவை அப்படித் தனியாக விடக் கூடாது, அது முறையல்ல. பேச்சியம்மாள் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினாள்.

"ஐயா, நீங்க தப்பாப் பாடுதிய."

"இல்லைம்மா, இதுதான் ராகம். நீங்கள் பாடுவது..."

"கனகம்மா எங்களுக்கு இப்பிடிச் சொல்லிக் குடுக்கல. கிரைண்டர ஓடவிட்டு அதுக்கு மேல பாடிப் பழகின கொரலாக்கும் அது. அவுகளுக்குத் தெரியாதா? மாடி வரைக்கும் கேக்கும்." சுற்றிலும் பார்த்தாள். பல்லில்லாத பதின்மூன்று பேர் தலையாட்டினார்கள். "ஒரு ஆளு தப்பாப் பாடினா எல்லாரும் கெட்டுப்போவோம்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து இரண்டு விரலை உதட்டில் வைத்து எடுத்தாள். "கோவிச்சுக்கிடாதிய. நீங்க மீனா இருங்க."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். நான் வாயை அசைத்தேன். நான்கு சரணமும் அசைத்தேன். கஷ்டம் சார். நான் எதிர்பார்த்ததைவிடக் கஷ்டம். தொண்டைவரை வந்துவிடுகிறது, அதை அங்கேயே நிறுத்தி வைக்க வேண்டும். மூச்சை வேறு சரியான இடத்தில் எடுக்க வேண்டும். மூன்றாம் சரணத்தில் எனக்கு மூச்சு முட்டியது. பேச்சியம்மாள் பார்த்துவிட்டு, பாட்டை நிறுத்தாமலே, தண்ணீர்ச் செம்பை என் பக்கம் தள்ளினாள்.

அடுத்த புதன்கிழமை போனில் பதிவு செய்து பெனிட்டாவுக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அவள் கூப்பிட்டாள்.

"இதுல அம்மா எங்கப்பா?"

"இரண்டாவது வரியில் இருக்கிறாள்" என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

புதன்கிழமைகளில் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். இன்னும் மீன்தான். அது பிழைதான் சார், நான் பிழை இல்லை என்று சொல்லவே மாட்டேன். அந்த 'ஃபா' இறக்கம்தான். காது வரைபடம்கூட வைத்திருக்கிறேன் என்று சொன்னேனே.

சேகரங்களுக்கிடையே, அதாவது சபைத் தொகுதிகளுக்கிடையே, வருஷா வருஷம் நவம்பரில் பாட்டுப் போட்டி நடக்கும். பல சபைகளிலிருந்து வருவார்கள். பத்தொன்பது வருஷமாக முதலிடம் எங்களுக்குத்தான், கேடயங்களை அதோ அந்த அலமாரியில் பார்க்கலாம். இந்த வருஷம் போட்டிப் பாட்டாக அதே பாமாலைப் பாட்டைத் தேர்ந்தெடுத்தேன். ஒத்திகை முழுவதையும் நானே நடத்தினேன். இசைக்கவையைத் தட்டித்தான் ஆரம்பித்தேன். ஆல்டோவுக்கு எப்போதும்போல நானே வரி வரியாகப் பாடிக் காட்டினேன். வயலட் டீச்சர் மட்டும் இரண்டாம் வரியில் என்னைத் தலை தூக்கிப் பார்த்தார்கள். பிறகு புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நான் பாடியபடியே பாடினார்கள். இரண்டாம் வரிசையில் மூன்றாம் இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. மீன்களுக்கும் இந்த முறை சைகை செய்யவில்லை.

அதோ, டெனர்காரர்கள் வந்துவிட்டார்கள். உங்கள் சோதனையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். போய் மூன்றாம் வரிசையில் நில்லுங்கள். எந்த வரியானாலும் பாடுங்கள்.

போட்டியில் இந்த வருஷம் எங்களுக்கு ஏழாம் இடம். நடுவர் கொடுத்த தாளை அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன், போகும்போது பாருங்கள். ஒரே குறிப்புத்தான் எழுதியிருக்கிறார். 'ஆல்டோ, இரண்டாம் வரி, ஃபா இறக்கம். நான்கு சரணங்களிலும். எல்லோரும் ஒன்றாக.'